கழுத்துச் சூடு

பிப்ரவரி 16, திங்கள்

நாயகம் இன்று பள்ளிக்கூடம் போனான். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறான். பழைய பையன்கள் எல்லோரும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்களாம். மகாராஜன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தானாம்.

வாசலில் விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதினால் பொய். எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்றேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் என் ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டேன். மணி அடித்ததும் அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனான். டாக்டரம்மா போன வருடமே அனுப்பச் சொன்னார், நான்தான் அனுப்பவில்லை. நான் பயந்தவள் இல்லை. கவனமாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த டைரி உளுந்து வாங்குகிற மளிகைக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாகக் காய்ச்சலை எழுது, மருந்தை எழுது என்று பழக்கிவிட்டார்கள். மருந்து நின்றுவிட்டது, கை நிற்கவில்லை.

சாயங்காலம் வந்ததும் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

கழுத்தில் சூடு இல்லை. மாவு நன்றாகப் பொங்கியிருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

முத்துசெல்வி மாவு வாங்க வரும்போது கீழாநெல்லியும் கொண்டுவந்தாள். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் கொண்டுவருகிறாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், மகாராஜனின் அம்மா. இந்த ஊரில் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"அரைச்சு மோருல கலக்கிக் குடுங்கக்கா. காமால போனாலும் அடி வேரு உள்ள இருக்கும்."

"சரிம்மா" என்று வாங்கிக்கொண்டேன். அவள் தலை மறைந்ததும் வழக்கம்போல அரைத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கு இந்த ஜென்மத்தில் மஞ்சள் காமாலை வராது.

என்ன செய்வது. நாயகத்துக்கு ரத்தத்தில் கேன்சர் என்று மதுரையில் சொன்ன அன்றைக்கே இவருடைய அக்கா, உலகு மதினி, தீர்மானம் செய்துவிட்டார்கள். "மாவுக் கட வச்சிருக்கோம். அந்த நோயி இருக்கிற வீட்டு மாவுன்னா எவ வாங்குவா? மஞ்சக்காமாலைன்னே சொல்லுவோம்." நானும் தலையாட்டினேன். முடி கொட்டியதற்குத் திருச்செந்தூர் மொட்டை என்றோம். முடி முளைத்து மறுபடி கொட்டியது, மறுபடி திருச்செந்தூர் என்றோம். தபால்காரர் வீட்டம்மா, "எத்தன தடவ போடுவீக? முருகனே போதும்னுருவாரு" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கோவில்பட்டியில் எங்கள் இட்லி மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. இவர் லோடு ஆட்டோ ஓட்டினாலும் அடுப்பு எரிவது மாவினால்தான். அதை விட்டுவிட முடியுமா?

கழுத்தில் சூடு இல்லை.

பிப்ரவரி 25, புதன்

ஒரு வாரமாகக் கவனிக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே குழாயடிக்குப் போய் முகம், கழுத்து எல்லாம் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறான். நான் தொடும்போது கழுத்து ஜில்லென்று இருக்கிறது. சுத்தம் பழகிவிட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும்.

மார்ச் 3, செவ்வாய்

மதுரைக்குப் போய் வந்தோம். ரத்தம் எடுத்துக்கொண்டு வெளியே உட்காரச் சொன்னார்கள். ரிப்போர்ட் வரும்வரை இவர் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் போனார். ஒரு தடவைகூட டீ குடித்த வாசம் இல்லை. நாயகம் பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்கு நிழலில் முயல் செய்து காட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பிறகு, "நல்லா இருக்கான்னாலும் இன்னும் கொஞ்ச மாசத்துக்கு எதிர்ப்பு சக்தி குறைவாத்தான் இருக்கும். வெயில் காலம். அக்கம்பக்கத்துல, ஸ்கூல்ல யாருக்காவது அம்மை வந்தா அன்னைக்கே போன் பண்ணணும். நல்ல நாள் பார்க்கக் கூடாது. அம்மை இவனுக்கு மத்தப் பிள்ளைங்களுக்கு மாதிரி இல்ல, நெஞ்சுக்குள்ள இறங்கிரும்" என்றார். நாயகமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"ஸ்கூல்ல விஷயத்தைச் சொல்லிட்டீங்கள்ல?"

"சொல்லிட்டோம் டாக்டர்" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

திரும்பும்போது சாத்தூரில் பஸ் ஜன்னலோரம் வெள்ளரிப்பிஞ்சு வந்தது. நாயகம் கேட்கவில்லை, பார்த்தான். பச்சையாக எதுவும் தருவதில்லை என்று இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். பஸ் கிளம்பியது.

எங்கள் தெருவில் எந்த வாசலிலும் வேப்பிலை இல்லை. நடந்து பார்த்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

முத்துசெல்வி மாவு வாங்க வரவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்த மாவு புளித்துவிட்டது. ஊருக்குப் போயிருப்பாள்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் வரவில்லை. ஊருக்குப் போகவில்லை. அவள் வீட்டுக்காரர் செல்லத்துரை சைக்கிளில் போனதைப் பார்த்தேன்.

போன வாரம் அவள் இங்கே நின்று பேசிக்கொண்டிருந்தபோது மதுரை ஆஸ்பத்திரிப் பை கொடியில் தொங்கியது. பையில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருக்கிறது. இன்ன நோய்க்கான ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தெரியும். அவள் அதைப் பார்த்தாளா? பார்த்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. பார்த்துவிட்டுத்தான் பேச்சைப் பாதியில் நிறுத்திப் புறப்பட்டாள்.

மார்ச் 11, புதன்

தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை. மார்க்கெட் வாசலில் செல்லத்துரை எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் ரோட்டின் அந்தப் பக்கம் போய் ஒதுங்கி நின்றார். முந்தானை காற்று கூடப் படக் கூடாது என்கிற மாதிரி. "நல்லாயிருக்கீகளா" என்று தூரத்தில் இருந்தே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

நாயகம் இன்று அவனாகவே மாஸ்க் கேட்டான். வெளியே தூசியாக இருக்கிறதாம். பெட்டியோடு எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது. அது ஒன்றுதான் இன்றைக்கு நல்ல செய்தி.

மார்ச் 12, வியாழன்

"ஏட்டி, ரெண்டு தெரு தள்ளித்தான வீடு? போய் ஏன் வரலைன்னு கேட்டுட்டு வா" என்கிறார் இவர்.

"கேட்டா, ஒனக்குத் தெரிஞ்சுபோச்சான்னு நானே கேக்குற மாதிரி ஆகாதா?"

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது."

ஆட்டோ ஓட்டுகிறவருக்கு என்ன. நாளைக்கு நான்கு பேர் மாவு வாங்காமல் போனால் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவது நான். இனி ரேஷன் கடைக்கு முத்துசெல்வி தெரு வழியாகப் போவதில்லை. சுற்று வழி மூன்று தெரு. கால் என்னுடையதுதானே, வலிக்கட்டும்.

கீழாநெல்லி கொடுத்த கையா இது? அவள் ஒரு வார்த்தை நேரில் கேட்டிருக்கலாம். நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மார்ச் 13, வெள்ளி

நாயகத்திடம் சொல்லிவிட்டேன். "இனிமே மகாராசன் வீட்டுக்குப் போகாத. அவன்கூடச் சேராத."

"ஏம்மா?"

"சேராதன்னா சேராத."

"அவன் ஸ்கூலுக்கே வரல."

"நல்லதாப் போச்சு" என்றேன். வேறு பள்ளிக்கூடமே தேடுகிறார்கள்போல. அவ்வளவு பயமா எங்களைக் கண்டு?

அவன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு விளையாடப் போனான்.

மார்ச் 14, சனி

கழுத்தில் சூடு இல்லை. ஈரம்.

மார்ச் 16, திங்கள்

எழுத உட்காரும் நேரமில்லை இது. மதுரை மாட்டுத்தாவணி பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் நிற்கிறோம். பஸ் வரும்வரை சும்மா நிற்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாலரை மணிக்குத் தபால்காரர் வீட்டம்மா மாவு வாங்க வந்தார்கள். "முத்துசெல்வி வீட்டுல இன்னைக்கு மொதத் தண்ணி ஊத்துறாகளாம்ல. மகாராசனுக்கு மூஞ்சியெல்லாம் முத்தாம். பாவம், நல்லா வெளையாடிட்டா அம்மா."

கரண்டி மாவுக்குள் விழுந்தது. எடுக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

பதினோரு வருடமாக மாவு விற்கிறேன். தினம் வாங்குகிற வீடு திடீரென்று நிறுத்தினால், ஒன்று அந்த வீட்டில் துக்கம், இல்லையென்றால் அம்மை. அம்மை இருக்கிற வீட்டில் தோசைக்கல் அடுப்பில் ஏறாது, எண்ணெய் காயாது, புளித்த மாவு உள்ளே போகாது. இது எனக்குத் தெரியாததா? ஊரில் யார் வீட்டில் அம்மை என்று முதலில் தெரிகிறவளே மாவுக்காரிதான். இந்தத் தடவை மட்டும் எனக்கு அது புத்தியில் ஏறவில்லை. என்னைத்தான் ஒதுக்குகிறார்கள் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டேன்.

முத்துசெல்வி வாசலில் வேப்பிலைக் கொத்து காய்ந்து சருகாகத் தொங்கியது. ஊரெல்லாம் பார்க்கும்படி கட்டித்தான் இருக்கிறாள். நான்தான் அதைப் பார்க்காமல் இருக்க மூன்று தெரு சுற்றியிருக்கிறேன்.

"அங்கயே நில்லுங்கக்கா. உள்ள வரக் கூடாது" என்று படிக்கு வந்தாள்.

"எப்பருந்து?"

"முந்துன வாரம் ஞாயித்துக்கெழம மேலு சுட்டுச்சு. மறுநா காலையில சட்டையக் கழட்டுனா நெஞ்செல்லாம் முத்து."

"ஏன் முத்துசெல்வி எங்கிட்ட சொல்லல?"

"அம்மா வந்தத வாய்விட்டுச் சொல்லலாமாக்கா? அதான் வாசல்ல கட்டியிருக்கோம்ல. மாவுக்கு வரலைன்னதும் ஒங்களுக்குப் புரியும்னு நெனச்சேன். அவுககூட ஒங்களப் பார்த்து ஒதுங்கித்தான் நின்னாகளாம், ஒங்க வீட்டுல பிள்ள இப்பத்தான தேறி வாரான்னு."

அவளே மேலும் சொன்னாள். "நாயகம்தான் தெனமும் சாயங்காலம் வந்து சன்னலுக்கு வெளிய நின்னு பேசிட்டுப் போவான். சத்தியமா நான் உள்ள விடலக்கா. 'மாஸ்க்கு போட்டிருக்கேன் சித்தி, தள்ளித்தான் நிக்கேன்'னான். காமால வந்து போன பிள்ளைதானன்னு நானும் விட்டுட்டேன்."

"அவனுக்கு வந்தது காமால இல்ல" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வாளியோடு நின்றுவிட்டாள். "கேன்சரு. ரத்தத்துல கேன்சரு. அம்மை வந்தா அவன் தாங்கமாட்டான் முத்துசெல்வி."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துப்போனது. "ரெண்டு வருசமா எங்கிட்ட கீழாநெல்லி வாங்குனீகளேக்கா" என்றாள். பிறகு உடனே, "நிக்காதீக. போங்க, பிள்ளையக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று கத்தினாள்.

போனில் டாக்டரம்மா, "ஸ்கூல்லயே ஒட்டியிருந்தா, அம்மையத் தடுக்குற ஊசிக்குரிய பத்து நாள் முடியப்போற நேரம் இது. காலையில இல்ல, இப்பவே கிளம்புங்க" என்றார். பஸ் வந்துவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

இரண்டு தொடையிலும் ஊசி. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வராமலும் போகலாம், வந்தாலும் லேசாக வரலாம், ஒரு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சுட்டால்கூட அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும். டாக்டரம்மா திட்டவில்லை. "ஸ்கூல்ல சொல்லிட்டோம்னீங்களே" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் இவர் முன் சீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார். நான் நாயகத்திடம் கேட்டேன்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விடமாட்ட."

"விடமாட்டேன்தான். டாக்டரம்மா சொன்னத நீயும் கேட்டல்ல? அம்மை ஒனக்கு ஆகாதுன்னு?"

"கேட்டேன். அதான் மாஸ்க்கு போட்டேன். கம்பியத் தொடக்கூட இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் படுத்துக் கெடந்தப்ப அவன் நம்ம வாசலுக்கு வந்தான்ல. நீ பத்தியம்னு சொல்லி அனுப்பிச்சுட்ட. அவன் போகலம்மா. ரோட்டுல நின்னுக்கிட்டுக் கத்திக் கத்தி கிரிக்கெட் ஸ்கோரு சொன்னான். எனக்கு உள்ள கேட்டுச்சு."

எனக்கு அது நினைவில்லை. யாரோ பையன்கள் கத்துகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

வழக்கம்போல என் கை அவன் கழுத்துக்குப் போனது. அவன் சட்டென்று விலகினான்.

"கழுவல" என்றான்.

"என்னது கழுவல?"

"கழுத்து. நீ தொடுவன்னுதான் தெனமும் குழாய்ல கழுவிட்டு வருவேன். வெயில்ல வந்தா சும்மாவே சுடும்ல. சுட்டா ஒன் மூஞ்சி மாறிரும்." பிறகு மெதுவாக, "அந்த மூஞ்சியப் பார்த்தாத்தாம்மா எனக்குப் பயமாருக்கு" என்றான்.

ஊசி போட்டபோது அழாத பிள்ளை அப்போது அழுதான். நானும்தான். முன் சீட்டில் இவர் கண்ணைத் திறக்காமலே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மாதமாக நான் தொட்டுப் பார்த்து எழுதி வைத்ததெல்லாம் குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி. நிஜமாகவே காய்ச்சல் வந்திருந்தால் எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கும்.

மார்ச் 18, புதன்

உலகு மதினி காலையிலேயே வந்துவிட்டார்கள். "தெருவுல நின்னு தமுக்கடிச்சியாமே செம்பகம்? இனி வாளிய வச்சு என்ன செய்யப் போற?"

"பிள்ள உசுரு மதினி."

"பிள்ள உசுருதான் பெருசு, நான் இல்லைங்கல. டாக்டர்கிட்ட சொல்லு. ஊருக்கு எதுக்குச் சொன்ன?"

சாயங்காலம் மாவு பாதிக்குமேல் மிஞ்சியது. தெரு வழியே போகிறவர்கள் பார்க்கிறார்கள், வாளி அவர்கள் கையில் இருக்கிறது, வேறு பக்கம் போகிறார்கள். தபால்காரர் வீட்டம்மா மட்டும் வந்து, வாங்கலாமா வேண்டாமா என்று நின்று, கடைசியில் வாங்கினார்கள். இவர் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார்.

மிஞ்சிய மாவில் பணியாரம். இரண்டு வேளையும்.

மார்ச் 20, வெள்ளி

கண்ணாடிக்கு முன்னால் நின்று என் கழுத்தை நானே தொட்டுப் பார்த்தேன், முகம் மாறுகிறதா என்று. மாறுகிறது. புருவம் ஏறுகிறது, வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது. மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். இவர் வந்து நின்று, "பல்லு வலியா?" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

நாயகத்தின் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி. வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய்ப் பார்த்தேன். கொசு கடித்தது. கொசுவுக்கு இந்த வீட்டில் கடிக்க வேறு ஆளே கிடைக்கவில்லையா?

மார்ச் 24, செவ்வாய்

முத்துசெல்வி வரவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் அவள் வெளியே வரமாட்டாள் என்று தெரியும். ஊற்றிய பிறகும் வருவாளா என்பதுதான் தெரியாது.

மார்ச் 26, வியாழன்

வந்தாள். கடையில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். தூக்குவாளியை என் முன்னால் வைத்தாள்.

"மூணாந் தண்ணி ஊத்தியாச்சு. வீடே தோசைக்கு ஏங்கிப்போய்க் கெடக்கு. நெறைய ஊத்துங்க."

ஊற்றினேன். அவள் வாளியை எடுக்காமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. நான் குடுத்த கீழாநெல்லியெல்லாம் என்ன செஞ்சீக?"

"கறிவேப்பிலைக்கு ஊத்துனேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே கண் கலங்கிவிட்டது. "முள்ளுக்காட்டுல தேடித் தேடிப் பறிச்சேன். காலெல்லாம் நெருஞ்சி." முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "மொதல்லயே சொல்லியிருந்தா ஒங்க மாவ வாங்கியிருப்பேனா மாட்டேனான்னு எனக்குத் தெரியாதுக்கா. சாமி சத்தியமாத் தெரியாது. ஆனா பிள்ளைய அந்தச் சன்னல்கிட்ட விட்டிருக்கமாட்டேன்."

அவள் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நின்றிருந்த பெண்களில் இரண்டு பேர் வாளியை நீட்டினார்கள். ஒருத்தி நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

நிதானமாக எழுதுகிறேன். இவர் ஆட்டோவைத் திருப்புகிறார். பை கட்டியாகிவிட்டது.

சாயங்காலம் கடையில் கூட்டம். நாயகம் பள்ளிக்கூடப் பையோடு வந்தான். குழாயடிக்குப் போகவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து நேரே என்னிடம் வந்து நின்றான்.

"அம்மா, எனக்குச் சுடுற மாதிரி இருக்கு. தொட்டுப் பாரு."

மாவுக் கையைத் துணியில் துடைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தைத் தொட்டேன். காய்ந்த கழுத்து. அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது. எனக்குள்ளே எல்லாம் கீழே விழுந்து உடைந்தது.

"ஆமாய்யா, சுடுது" என்றேன். "நல்லவேள சொன்ன. சட்டைய மாத்து, அப்பா வரவும் மதுரைக்குப் போவோம்."

"மூஞ்சி மாறலம்மா" என்றான்.

"மாறாது. நீ போ."

அவன் உள்ளே போனதும் முத்துசெல்வி என் கையில் இருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். "கூட்டத்த நான் பார்த்துக்கிடுதேன். நீங்க பின்னாடி போய் அழுதுட்டு வாங்க" என்றாள்.

ஏப்ரல் 4, சனி. மதுரை

முத்துகள் வந்துவிட்டன. நெஞ்சில், முதுகில், காதோரத்தில். எண்ணவில்லை. நெஞ்சுப் படம் எடுத்திருக்கிறார்கள். கையில் மருந்து ஏறுகிறது. மறுபடி அதே பச்சைப் போர்வை, அதே ஜன்னல். இவர் டீ குடிக்கப் போகிறேன் என்கிறார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இருமுகிறான். இருமும்போதெல்லாம் நான் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். முருகா.

ஏப்ரல் 6, திங்கள்

நெஞ்சில் இறங்கவில்லை. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அழகாக இருந்தது. "ஊசி வேலை செஞ்சிருக்கு. காய்ச்சல் வந்த அன்னைக்கே கொண்டாந்தீங்க, அதுதான் காப்பாத்துச்சு" என்றார். "நான் கொண்டாரல டாக்டர், அவனே சொன்னான்" என்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மகாராஜன் போன் செய்தான். கிரிக்கெட் ஸ்கோர் சொன்னான், கத்தித்தான் சொன்னான். போன் எதற்கு, கோவில்பட்டியில் இருந்து நேராகவே கேட்டிருக்கும்.

ஏப்ரல் 10, வெள்ளி

முத்து எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பஸ் வேண்டாம் என்று இவர் ஆட்டோவிலேயே கூட்டிவந்தார். சாத்தூரில் நானே நிறுத்தச் சொன்னேன். வெள்ளரிப்பிஞ்சு வாங்கினேன். பாட்டிலில் இருந்த கொதிக்கவைத்த தண்ணீரில் நன்றாகக் கழுவித்தான் கொடுத்தேன். அதற்கே அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் வாசலில் பச்சை வேப்பிலைக் கொத்து தொங்கியது. முத்துசெல்வி கட்டியிருக்கிறாள். தெருவே பார்த்திருக்கும். உலகு மதினி படியில் நின்று எங்களைப் பார்த்ததும், "அம்மை எறங்குற வரைக்கும் கிரைண்டரு ஓடக் கூடாது, தெரியும்ல" என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கூழ் காய்ச்சி வைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 15, புதன்

மூன்றாம் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். ஊற்றும்போது நாயகம் கூசிக் கூசிச் சிரித்தான். நாளைக்கு உளுந்து ஊறப்போட வேண்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

கடை திறந்தேன். பழைய கூட்டத்தில் முக்கால்வாசி வந்தது. மீதி வரும், அல்லது வராது.

நாயகமும் மகாராஜனும் மைதானத்துக்குப் போனார்கள். முத்துத் தழும்போடு இரண்டு பேர் சேர்ந்து போனதைப் பார்த்துத் தபால்காரர் வீட்டம்மா, "இரட்டப் பிள்ளைக மாதிரில்ல இருக்கு" என்றார்கள். வெயில் சாய்ந்த பிறகுதான் திரும்பினான். வேர்த்து விறுவிறுத்து, சட்டையெல்லாம் புழுதி, குழாயடிக்குப் போகாமல் நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் சிவந்திருந்தது. கழுத்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"என்னம்மா பாக்குற?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடி" என்று செம்பைக் கொடுத்தேன்.

இன்று கழுத்தைத் தொடவில்லை.